கோடையில் பிறை பார்த்து நடப்பது: யாழ்ப்பாணத்து வெக்கைக்கு எது பொருந்தும்?

இணுவில் வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இணுவிலில் எங்கள் வளவோடு ஒட்டியபடி ஒரு சிறு தோட்டத் துண்டு உண்டு. சின்ன வெங்காயமும் கொஞ்சம் மிளகாயும் வைக்கிறோம். சித்திரை பிறந்தது முதல் ஆவணி கழியும்வரை வீட்டு ஒழுங்கு முழுவதும் குலைந்துபோகிறது. காலை பத்து மணிக்குப் பிறகு தோட்டத்தில் நிற்க முடியாது. இரவில் சீமெந்துச் சுவர் விடும் சூட்டில் பிள்ளைகளுக்கு நித்திரை வராது. ஆளுக்கொரு நேரத்தில் எழும்பி, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறோம்.

தம் இளமைக் காலத்தில் வளர்பிறை, தேய்பிறை பார்த்தே கோடை வேலைகளை வகுத்துக்கொண்டார்கள் என்றும், அதனால்தான் உடம்பும் மனமும் ஒரு சீரில் இருந்தன என்றும் மாமி சொல்கிறார். அதைக் கைக்கொள்ள எனக்கு உண்மையான விருப்பம் இருக்கிறது. ஆனால் இணையத்தில் தேடினால், எந்தப் பிறையில் முடி வெட்டுவது, எந்தப் பிறையில் புதிய முயற்சி தொடங்குவது என்று குளிர்நாட்டார் எழுதிய பட்டியல்களே கிடைக்கின்றன. நடுகை, இறைப்பு, நித்திரை, விரதம் ஆகியவற்றில் எதற்கெல்லாம் பிறை பார்ப்பது பொருளுடையது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். மாமிக்கு நீரிழிவு உண்டு. ஆயினும் ஆடி அமாவாசை விரதத்தை அவர் விடமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உரும்பிராய்த் தோட்டம் எழுதியது:

தங்கச்சி, மாமி சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அதற்கான காரணம் நிலவின் வெளிச்சத்தில் இருக்கிறது.

இறைப்பு இயந்திரங்கள் வருவதற்கு முன்னர் நம் தோட்டங்களுக்குத் துலாவால்தான் இறைத்தார்கள். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர், கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற ஒருவர், வாய்க்கால் நெடுக நடந்து பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர் என்று குறைந்தது மூன்று பேருடைய வேலை அது. பகல் வெயிலில் அதைச் செய்தால் ஆளும் களைத்துவிடுவார், விட்ட தண்ணீரில் ஒரு பங்கும் ஆவியாகிவிடும்; இருட்டில் செய்தால் துலாவில் நிற்பவர் கால் தவறிவிடுவார். ஆகவே நிலவு எப்போது எழும், எப்போது விழும் என்பதைப் பொறுத்தே ஒரு வீட்டின் சாப்பாட்டு நேரமும் படுக்கை நேரமும் அமைந்தன.

இன்று மின்குமிழும் இயந்திரமும் இருந்தாலும் அந்தக் கணக்கு அப்படியே பயன்படும். வளர்பிறை அட்டமியன்று பொழுது படும்போதே நிலவு உச்சி வானில் நிற்கும், நள்ளிரவளவில் மறையும். பூரணையன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழும்; தேய்பிறை அட்டமி வரும்போது நள்ளிரவில் எழுந்து, விடியும் வேளையில் உச்சியில் நிற்கும். எனவே வளர்பிறை ஏழு, எட்டு தொடங்கிப் பூரணை வரை இறைப்பை மாலையில் வைத்துக்கொண்டு சற்றுப் பிந்திப் படுக்கலாம். பூரணை கழிந்து மூன்று நான்கு நாளானதும் முன்னிரவு இருட்டிவிடும். அப்போது வீட்டார் எல்லோரும் நேரத்தோடு படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பினால் தோட்டம் முழுவதும் நிலவு வெளிச்சமாக இருக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வெளிச்சம் இல்லை. அந்த நாட்களை விதை வெங்காயம் தெரிந்தெடுப்பது, வேலி அடைப்பது போன்ற பகல்நேர நிழல் வேலைகளுக்கு ஒதுக்கலாம். இப்படி மாதத்துக்கு இருமுறை நேரத்தை மாற்றிக்கொள்ளும் வீட்டில் ஆளுக்கொரு நேரம் என்ற குழப்பம் தானாகவே குறையும் என்பதை என் வீட்டிலேயே காண்கிறேன்.

நம் செம்மண் தண்ணீரை விரைவாகக் கீழே விட்டுவிடும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று மேல்மண்ணைப் பகலில் உலர்த்திவிடும். ஆகவே கோடையில் இரவு இறைப்பும் விடியற்கால இறைப்பும் தண்ணீரைச் சேமிக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மாலையில் இறைக்கும்போது தண்ணீரைப் பாத்தியில் விடுங்கள், தாளின்மேல் தெளிக்காதீர்கள். இரவு முழுவதும் ஈரமாக நிற்கும் வெங்காயத் தாளில் பூஞ்சண நோய் இலகுவில் பற்றிக்கொள்ளும்.

நடுகையைப் பொறுத்தவரை, வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து முதற் பாத்தியை நடும் வழக்கத்தை நான் மதித்து நடக்கிறேன். ஆனால் மண் பதமாகி, விதை வெங்காயம் முளை காட்டி, கிணற்றிலும் தண்ணீர் இருக்கும்போது தேய்பிறை என்பதற்காக இரண்டு கிழமை காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தாமதத்தால் வரும் நட்டத்தைப் பிறை ஈடுசெய்யாது.

பூச்சி விடயத்தில் நிலவின் பங்கு வெளிப்படையானது. வெங்காயப் புழுவின் அந்துப்பூச்சியைப் பிடிக்க மின்குமிழின் கீழே சவர்க்காரத் தண்ணீர் விட்ட தாச்சியை வைப்போம் அல்லவா? இருட்டு நாட்களில் விடியப் பார்த்தால் தண்ணீரின் மேற்பரப்பே தெரியாதபடி சாம்பல் நிறச் சிறகுகள் மிதக்கும். பூரணையை ஒட்டிய இரவுகளில் நிலவு வெளிச்சம் குமிழின் கவர்ச்சியைக் குறைத்துவிடுவதால் ஒன்றிரண்டுதான் விழும். அதைப் பார்த்துப் பூச்சி போய்விட்டது என்று இருந்துவிடாமல், அந்த நாட்களில் தாளை விரித்து முட்டைக் குவியல் இருக்கிறதா என்று கையால் தேடுங்கள்.

குருநகர்க் கரை எழுதியது:

தோட்டக்கார அண்ணர் வெளிச்சத்தைச் சொன்னார். எங்களுக்கு வெளிச்சத்தோடு நீரோட்டமும் சேர்ந்து வருகிறது. அமாவாசையும் பூரணையும் கழிந்த ஓரிரு நாட்களில் வற்றுப்பெருக்கு ஆகக் கூடுதலாகவும், அட்டமியை ஒட்டிய நாட்களில் ஆகக் குறைவாகவும் இருக்கும். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனால் ஆழமற்ற யாழ்ப்பாணக் கடனீரேரியில் அந்தச் சிறு வேறுபாடே நீரை ஓட வைக்கிறது. களத்தில் நாட்டிய சிறகுவலைக்குள் இறாலும் மீனும் அந்த ஓட்டத்தோடுதான் வந்து சேரும். இருட்டு நாட்களில் மீனுக்கு வலை தெரியாது என்பதால் இரவு வலைக்கு அமாவாசைப் பக்கமே எங்களுக்குச் சிறந்தது. ஆகவே எங்கள் வீடுகளில் நிலவு நாட்கள் வலை பொத்துவதற்கும் ஓய்வுக்கும் உரியவை. இணுவிலாருக்கு உறக்கத்தைக் குறைக்கும் நிலவு எங்களுக்கு உறக்கத்தைத் தருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரே பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது.

கரையோரத்தில் உறவினர் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள். நம் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உவர் நீரின்மேல் ஒரு படையாக மிதக்கிறது. கரைக்கு அண்மையான கிணறுகளில் நீர்மட்டம் வற்றுப்பெருக்கோடு சிறிது ஏறி இறங்கும். கோடையில் இயந்திரத்தைப் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் எந்தப் பிறையிலும் உவர் மேலே வரும். விட்டு விட்டு இறைப்பதே கிணற்றைக் காக்கும் வழி.

நல்லூர் வாசகர் எழுதியது:

விரதங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். கோடையின் எல்லா நாட்களும் சந்திரனைச் சார்ந்தவை அல்ல என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். சித்திரை வருடப் பிறப்பு, அக்கினி நட்சத்திரம், கூழும் கொழுக்கட்டையும் படைக்கும் ஆடிப்பிறப்பு ஆகியவை சூரியனின் நிலையைக் கொண்டு வருபவை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. வெக்கையின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி, ஆடி அமாவாசை, ஏகாதசி, பிரதோஷம் ஆகியவை திதியைக் கொண்டு வருபவை.

தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியன்றும் தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையன்றும் விரதம் இருப்பது நம் வழக்கம். சித்திரா பௌர்ணமிக்குக் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்து, சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிப் பிதிர்க்கடன் செய்து, வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காயும் சேர்த்துச் சமைத்துப் படைத்து உண்பார்கள். அந்த அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறும். 24 ஆம் நாள் தேர், 25 ஆம் நாளாகிய ஆவணி அமாவாசையில் தீர்த்தம். ஆகவே திருவிழாவின் தொடக்கத்தில் வளர்பிறையும், நடுவில் பூரணையும், தேர் நெருங்கும்போது இருண்ட இரவுகளும் வருகின்றன. தூர இடங்களிலிருந்து இரவுத் திருவிழாவுக்கு நடந்து வந்தவர்களுக்கு முற்பகுதித் திருவிழாக்கள் இலகுவாக இருந்ததன் காரணம் இதுவே.

திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலம். அது ஏறத்தாழ 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம்வரை வேறுபடும். ஆகவே ஒரு திதி நண்பகலிலும் தொடங்கலாம்; நாட்காட்டியில் போயா (பூரணை) விடுமுறை என்றிருக்கும் நாளும் பூரணை விரத நாளும் சிலவேளை ஒன்றாக அமையாது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேர வேறுபாடு வருவதும் உண்டு. ஒரு பஞ்சாங்கத்தைத் தெரிந்தெடுத்து ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

உங்கள் மாமி நினைவுகூரும் காலத்தில் நாடே பிறையைப் பார்த்து நடந்தது என்பதையும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் பூரணை, அமாவாசை, இரு அட்டமிகள் ஆகிய நான்கு போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. இரண்டு போயாக்களுக்கு இடையே எப்போதும் ஏழு நாள் இராது என்பதால் சில வாரங்கள் ஒரு நாள் கூடி வந்தன. பாடசாலையும் கந்தோரும் அப்படியே நடந்தன.

விஞ்ஞான ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

நித்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பூரணை நிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. அது நிலத்தையோ உடம்பையோ சூடாக்காது. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது போதுமான வெளிச்சம். 2021 ஜனவரியில் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வொன்றில், ஆர்ஜென்ரீனாவின் தோபா பழங்குடிக் கிராமத்தவரும் அமெரிக்காவின் சியாற்றில் நகர மாணவரும் பூரணைக்கு முந்திய மூன்று முதல் ஐந்து இரவுகளில் பிந்தி உறங்கி, குறைவாக உறங்கியமை பதிவாகியுள்ளது. முன்னிரவில் நிலவு இருக்கும் நாட்கள் அவைதான் என்பதைக் கவனியுங்கள். உரும்பிராயார் மாலை இறைப்புக்குச் சொன்ன நாட்களும் அவையே. அந்த இரவுகளில் பிள்ளைகள் சற்றுப் பிந்திப் படுத்தால் அவர்களைக் கண்டிக்காதீர்கள். சுவர் ஆறும்வரை முற்றத்தில் பாய் விரித்து இருந்துவிட்டு உள்ளே போவது நல்லது. ஆனால் நுளம்பு வலை இல்லாமல் வெளியில் உறங்க விடவேண்டாம், டெங்கு நுளம்பு விடியற்காலையிலேயே கடிக்கத் தொடங்கிவிடும்.

இணுவில் வளவு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இறைப்பு நேரத்தை இந்த வளர்பிறையிலிருந்தே மாற்றப் போகிறோம். இரண்டு சந்தேகம் இருக்கிறது. கொட்டிலுக்குப் பனை தறிப்பதானால் அமாவாசைப் பக்கம்தான் தறிக்க வேண்டும், இல்லாவிட்டால் உளுக்கும் என்று கணவர் சொல்கிறார், அது சரியா? மற்றையது, மாமியின் விரதம்.

உரும்பிராய்த் தோட்டம் எழுதியது:

அமாவாசைக்குத் தறிப்பதால் தீங்கு ஒன்றும் இல்லை. கணவருடைய விருப்பப்படியே செய்யுங்கள். ஆனால் உளுக்காமல் இருப்பதற்கு மரம் முதிர்ந்து வைரம் பாய்ந்திருக்க வேண்டும், அறுத்த சிலாகையை நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். இளம் பனையை எந்தப் பிறையில் தறித்தாலும் உளுக்கவே செய்யும்.

நல்லூர் வாசகர் எழுதியது:

தங்கச்சி, ஆடி அமாவாசைக்கு ஒரு கிழமை முன்னரே மாமியை வைத்தியரிடம் கூட்டிச் சென்று, அன்றைக்குக் குளிசையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நீரிழிவுக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கீரிமலை வெயிலில் வரிசையில் நிற்பது ஆபத்தானது. நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நோயாளர் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் காப்பதற்கு நம் ஆசாரத்தில் இடம் உண்டு. விடியற்காலையிலேயே அவரைத் தீர்த்தமாடச் செய்து வெயில் ஏறுமுன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். காத்தோட்டிக்காயை முதல்நாள் பின்னேரமே சந்தையில் வாங்கி வைத்தால் மத்தியானத்துக்கு முன்னர் படையல் போட்டு அவரைச் சாப்பிட வைக்கலாம்.