புதுப்பிப்பு: சிங்க் குழாயின் ஆட்டம் நின்றது

சமையலறை சிங்க் குழாய் அடியோடு ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, "சிலிகான் பூசாதீர்கள், அடியில் இருக்கும் நட்டை முறுக்குங்கள்" என்ற யோசனைதான். சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயைப் பிடித்திருக்கும் நட்டு விரலாலேயே சுழன்றது. சாதா ஸ்பேனரைத் திருப்ப இடமில்லை. 13 எம்எம் நட்டுக்கான, குழல் போல நீளமான பாக்ஸ் ஸ்பேனர் வாங்க வேண்டியதாயிற்று.

எதிர்பாராதது ஒன்று: நட்டு சிங்கின் அடியோடு அழுத்திப் பிடிக்கும் லாட வடிவத் தகட்டுக்கு மேலே இருக்கும் ரப்பர் வாஷர் நழுவி ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. அதைக் கவனிக்காமல் முறுக்கியதில் குழாய் கோணலாக நின்றது! அப்புறம் அவிழ்த்து, வாஷரை நடுவில் வைத்து, மேலே ஒருவர் குழாயை நேராகப் பிடிக்க, மறுபடி முறுக்கினேன். நான்கு நாளாக அசையவில்லை.