மறு: பாஸ்கீ – கடவுச்சாவியா, நுழைசாவியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களையெல்லாம் நிதானமாகப் படித்தேன். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழைய உதவும் பாஸ்கீ (passkey) என்பதற்குக் கடவுச்சாவி, கடவு விசை, நுழைவுத்திறவி, கணையாழி எனப் பல யோசனைகள் வந்திருக்கின்றன. பாஸ்கீ என்றே விட்டுவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் முன்வைப்பது நுழைசாவி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் அடிபடப்போவது பயனரின் கணக்கு என்பதால் அவசரமாக முடிவுகட்ட மனம் வரவில்லை.

> பாஸ்கீ ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்தானே? புளூடூத், வைஃபை போல அப்படியே எழுதிவிட்டால் என்ன?

வணிகப் பெயர் இல்லை ஐயா. 2021இல் ஆப்பிள் முன்னோட்டமாகக் காட்டியபோது வேண்டுமானால் அப்படித் தோன்றியிருக்கலாம். 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் கடவுச்சொல் இல்லாத உள்நுழைவுக்குத் தரம் வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பின் தரத்துக்கான ஆதரவை விரிவாக்குவதாகச் சேர்ந்து அறிவித்த பிறகு அது எல்லோருக்கும் பொதுவான பெயராகிவிட்டது. கூட்டமைப்பே அதைப் பாஸ்வேர்டு போலப் பொதுப்பெயராகத்தான் எழுதச் சொல்கிறது. பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல் என்று வைத்தோம், அது நிலைத்தும்விட்டது. அதன் இடத்துக்கு வருவதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்.

> கீ என்றால் விசை. விசைப்பலகை என்கிறோமே. கடவு விசைதான் பொருத்தம்.

தட்டுகிற விசை வேறு, திறக்கிற சாவி வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது அவர்களுடைய வசதி. ‘கடவு விசையைப் பயன்படுத்தவும்’ என்று திரையில் வந்தால் பயனர் அதை விசைப்பலகையில் தேடுவார். மறையாக்கத்தைப் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதை) பற்றிய கட்டுரைகளில் பொது விசை, தனி விசை என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். இந்தச் சாக்கில் அவற்றையும் பொதுச்சாவி, மறைச்சாவி என்று மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கீழே அப்படியே எழுதுகிறேன்.

இனி கடவுச்சாவி. இங்கே பலருக்கும் பிடித்திருப்பது இதுதான் என்று தெரிகிறது. சாவி என்ற பாதியில் எனக்கும் சம்மதம். கடவு என்ற முன்பாதிதான் உறுத்துகிறது. காரணம் சொல்ல, இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஒரு தளத்தில் பாஸ்கீ உருவாக்கும்போது நம் கைபேசியோ கணினியோ அந்தத் தளத்துக்கென்றே ஒரு சோடிச் சாவியை உண்டாக்குகிறது. பொதுச்சாவி தளத்துக்குப் போகிறது. மறைச்சாவி நம்மிடமே தங்குகிறது: கருவியின் பாதுகாப்பான பகுதியில், அல்லது கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளான கடவுச்சொல் மேலாளரின் பெட்டகத்தில். அடுத்த முறை உள்நுழையும்போது தளம் ஓர் எண்தொடரை அனுப்பி, இதில் கையொப்பமிட்டுக் காட்டு என்கிறது. ஒவ்வொரு முறையும் அது புதிதாக இருக்கும். நாம் விரல் வைத்தோ திரைப்பூட்டு எண்ணை இட்டோ சம்மதம் சொன்னால் கருவி மறைச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. தளம் தன்னிடமுள்ள பொதுச்சாவியை வைத்து அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அவ்வளவுதான். நம் விரல்ரேகை கருவியை விட்டு வெளியே போவதில்லை; மறைச்சாவி தளத்துக்குத் தெரிவதே இல்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் பழைய கதைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 2009இல் ராக்யூ என்ற தளத்திலிருந்து 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளியேறின. எந்த மறையாக்கமும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே அவற்றைச் சேமித்து வைத்திருந்தார்கள். கடவுச்சொல் உடைக்கிறவர்கள் இன்றும் எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்கும் பட்டியல் அந்தக் கசிவிலிருந்து பிறந்ததுதான். 2012இல் லிங்க்டின் கசிவு. அங்கே ஹாஷ் செய்து, அதாவது நேராகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றி வைத்திருந்தார்கள், ஆனால் உப்புச் (ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் கலக்கும் தனித்தனி எழுத்துத்தொடர்) சேர்க்கவில்லை. எனவே பெரும்பாலானவற்றை உடைக்க அதிக நாள் பிடிக்கவில்லை. (உப்பு என்ற கலைச்சொல் எவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டது பாருங்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை.) பாஸ்கீ மட்டுமே வைத்துள்ள தளத்தை ஒருவன் கொள்ளையடித்தால் அவன் கையில் கிடைப்பது பொதுச்சாவிகள். அவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கிலும் நுழைய முடியாது.

போலிப் பக்கம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் தூண்டில் மோசடியிலும் அப்படித்தான். முகவரியில் எம் (m) என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் ஆர், என் (rn) இரண்டையும் ஒட்டி எழுதினால் நம் கண் ஏமாந்துபோகும், உலாவி ஏமாறாது. எந்த முகவரிக்காகச் சாவி உண்டாக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் உலாவி அதை எடுத்துக் கொடுக்கும். போலிப் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் அது பட்டியலில் வராது.

ஆக, இதில் பயனர் நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. தட்டச்சிடவும் எதுவும் இல்லை. யாராவது கேட்டால் வாய்விட்டுச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. இந்த மூன்றும் பெயரைக் கேட்டதுமே பிடிபட வேண்டும். கடவுச்சாவி என்ற பெயர் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

என் உறவினர் ஒருவரின் கைபேசியில் ஒருநாள் ‘கடவுச்சாவியை உருவாக்கவா?’ என்று வந்தது. அவர் உடனே தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, ‘சொல்லு, எழுதிக்கறேன்’ என்றார். கடவுச்சொற்களையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கும் நோட்டு அது. எழுத ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. ‘கடவுச்சொல்லை இப்போது இப்படிச் சொல்கிறார்கள் போல’ என்றுதான் எடுத்துக்கொண்டார். அவரைக் குறைசொல்ல முடியுமா? இத்தனை வருடங்களாகக் கடவு என்று தொடங்கும் ஒன்றை நாம்தான் நினைவில் வைக்கச் சொல்லி, தட்டச்சிடச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். நாளைக்கு யாரோ ஒருவன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் கடவுச்சாவியைச் சொல்லுங்கள்’ என்றால் அந்தக் கேள்வி அவருக்கு விபரீதமாகத் தோன்றாது. நோட்டை எடுத்துப் பழைய கடவுச்சொல்லைத்தான் வாசிப்பார். பெரும்பாலான தளங்கள் பாஸ்கீ வந்த பிறகும் கடவுச்சொல்லை மாற்றுவழியாக வைத்திருப்பதால் அந்த ஒரு சொல் போதும், கணக்கு போய்விடும்.

திரையில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. உள்நுழையும் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த பொத்தான்களாக வரும். கடவுச்சொல், கடவுச்சாவி இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றே. அகலம் குறைந்த கைபேசியில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு, மேலே ‘கடவுச்…’, கீழே ‘கடவுச்…’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். மொழிபெயர்ப்பைக் கோப்பில் மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் பொத்தான்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போகும்போது முதல் அசையைக் கேட்டுத்தான் நிற்பதா கடப்பதா என்று முடிவுசெய்வார்கள். அவர்களை ஒவ்வொரு முறையும் கடைசி அசை வரை காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

> ஆங்கிலத்திலும் இரண்டும் ஒரே மாதிரிதானே தொடங்குகின்றன? அங்கே யாரும் குழம்பவில்லையே.

அங்கேயும் குழப்பம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அங்கே நேர்ந்த ஓர் ஒற்றுமையை நாம் சுமக்க வேண்டும் என்று ஏதும் கட்டாயம் இல்லையே. நாம் பெயர் வைப்பது பொருளுக்கு.

> கணையாழி என்று வைத்தால் என்ன? சீதை நம்பியது அனுமன் காட்டிய மோதிரத்தைப் பார்த்துத்தானே.

படித்ததும் மகிழ்ந்துபோனேன். இவ்வளவு அழகான யோசனை இந்த இழையில் வேறில்லை. ஆனால் கணையாழி கைமாறும் பொருள். இராமன் விரலிலிருந்து அனுமன் கைக்கு, அங்கிருந்து சீதை கைக்கு. யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டலாம். பாஸ்கீயில் மறைச்சாவியைத் தளத்திடம் காட்டுவதே கிடையாது. அதனால் இட்ட கையொப்பம் மட்டும்தான் போகிறது. கையில் வைத்திருப்பவரை நம்பும் முறைக்கு, அதாவது டோக்கன் என்று நாம் தடுமாறிக்கொண்டிருக்கும் சொல்லுக்கு, கணையாழி அப்படியே பொருந்தும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், முதல் ஆதரவு என்னுடையது.

இனி நுழைசாவி. எழுதுகோல், ஊன்றுகோல் போல இது வினைத்தொகை. எழுத உதவும் கோல் எழுதுகோல் என்றால் நுழைய உதவும் சாவி நுழைசாவி. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே நுழைச்சாவி என்று எழுதிவிடாதீர்கள். நான்கே எழுத்து. நுழைசாவியை, நுழைசாவியால், நுழைசாவிகள் என்று எந்த உருபு ஏற்றாலும் சிரமமில்லை. நுழைவுச்சாவி என்று விரித்தும் சொல்லலாம்தான், அதில் பிழையில்லை. பொத்தானுக்குக் குட்டையான வடிவம் நல்லது என்பதால் முன்னதைப் பிடித்துக்கொள்கிறேன்.

‘நுழைசாவியால் உள்நுழைக’ என்று எழுதும்போது நுழை இரண்டு முறை வருகிறதே என்று கேட்பீர்கள். காதுக்கு அது கொஞ்சம் இடிக்கிறது, உண்மைதான். ஆனால் உள்நுழைவதற்கான சாவி என்ற தொடர்பை அதுவே சொல்லிக்கொடுக்கிறது. இடிப்பது பிடிக்காவிட்டால் பொத்தானில் ‘நுழைசாவி கொண்டு தொடர்க’ என்று வைக்கலாம்.

சாவி போர்ச்சுகீசியச் சொல், திறவி என்று இருக்கட்டும் என்ற வாதத்தை மதிக்கிறேன். ஆனால் ஜன்னலும் அலமாரியும் வந்த அதே வழியில் வந்த சொல் அது. இன்று படிக்காதவர் வாயிலும் புழங்குகிறது. பாதுகாப்பு பற்றிய சொல்லில் எனக்கு முதல் அளவுகோல், கேட்டவுடன் புரிகிறதா என்பதுதான். திறவியைக் கேட்டால் பலர் என்ன அது என்று திருப்பிக் கேட்பார்கள். சாவியைக் கேட்டால் கேட்க மாட்டார்கள். அதோடு, சாவி என்றால் வைத்திருக்க வேண்டிய பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் தொலைபேசியில் சொல்ல முடியாது.

நடைமுறையில் சொல் தாங்குகிறதா என்று பார்க்கக் கடவுச்சொல் மேலாளர்தான் நல்ல இடம், ஏனென்றால் எல்லா வகைச் சாவியும் அங்கே ஒன்றாக வந்து மோதும். கீபாஸ்எக்ஸ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இலவச, திறமூல மென்பொருள். பெட்டகம் முழுவதும் நம் கணினியிலேயே ஒரே கோப்பாக இருக்கும். 2024 மார்ச்சில் வந்த 2.7.7 பதிப்பு முதல் பாஸ்கீயையும் அதில் வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாதவர்கள் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். அதன் ஆங்கில இடைமுகத்தில் பெட்டகத்தைத் திறக்க ஒரு கீ ஃபைல், வன்பொருளாக (கையில் வைத்திருக்கும் சிறு கருவியாக) ஒரு செக்யூரிட்டி கீ, சேவையகங்களுக்குள் போக எஸ்எஸ்எச் கீ, தளங்களுக்குப் பாஸ்கீ. நம் முறைப்படி இவை சாவிக்கோப்பு, பாதுகாப்புச் சாவி, எஸ்எஸ்எச் சாவி, நுழைசாவி என்று ஆகும். நான்கும் ஒரே குடும்பம் என்று தெரிகிறது. ஒன்றை இன்னொன்றாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடவுச்சாவி என்று வைத்தால் பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லோடு அது கலந்துவிடும். அந்த மென்பொருளில் குழம்பவே கூடாத இடம் அது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாவி என்றதும் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், தொலைந்தால் போச்சு என்ற பயம் வரும். நுழைசாவிகள் பல கருவிகளுக்கு ஒத்திசைந்து போகக்கூடியவை. ஒரே கணக்குக்கு ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் பல தளங்கள் விடுகின்றன. பெயரால் இதைச் சொல்ல முடியாது. ஆகவே கலைச்சொல் பட்டியலில் விளக்கத்தை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

நுழைசாவி (பெயர்ச்சொல்): கடவுச்சொல் இல்லாமல் ஒரு தளத்தில் உள்நுழைய, உங்கள் கருவியோ கடவுச்சொல் மேலாளரோ உருவாக்கி வைத்திருக்கும் மின்சாவி. திரைப்பூட்டைத் திறந்து இதைப் பயன்படுத்தலாம். மனப்பாடம் செய்யவோ தட்டச்சிடவோ யாரிடமும் சொல்லவோ இதில் எதுவும் இல்லை. வேறு கருவிகளுக்கும் ஒத்திசைக்கலாம்.

கடைசி வாக்கியத்தை வைப்பதா எடுப்பதா என்பதில் எனக்கே தயக்கம் இருக்கிறது. வன்பொருள் பாதுகாப்புச் சாவிக்குள் சேமித்த நுழைசாவி ஒத்திசையாது, அதற்குள்ளேயே தங்கிவிடும். ‘பெரும்பாலும் ஒத்திசைக்கலாம்’ என்று திருத்தினால் சரியாக வருமா? வன்பொருள் சாவியை அன்றாடம் பயன்படுத்துகிற நண்பர்கள் இதைப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். இன்னொன்று: கையொப்பமிடச் சொல்லித் தளம் அனுப்பும் எண்தொடரை ஆங்கிலத்தில் சேலஞ்ச் என்கிறார்கள். அதற்குச் சவால், அறைகூவல் இரண்டுமே சண்டைக்குக் கூப்பிடுவது போல ஒலிக்கின்றன. விளக்கப் பக்கத்தில் இப்போதைக்குச் சோதனைத்தொடர் என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக ஏதாவது தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்