புதுப்பிப்பு: பைத்தானில் மாறிலியை மாற்றவிடாமல் தடுப்பது எப்படி? வழி கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பைத்தானில் மதிப்பை மாறாமல் பூட்டும் கான்ஸ்ட் மாதிரி எதுவும் கிடையாது, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவது வெறும் மரபு. பல கோப்புகள் இறக்குமதி செய்யும் ஒரு வரி (டாக்ஸ்) விகித டிக்ஷனரி (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பு என்று சேர்த்து வைப்பது), நிரல் ஓடும்போது எங்கோ மாறிவிடுகிறது. எப்படித் தடுப்பது?

முதலில் ‘இதை மாற்றக் கூடாது’ என்று குறிக்கும் ஃபைனலைப் போட்டுப் பார்த்தேன் (பைத்தான் 3.8 முதல் டைப்பிங் மாட்யூலில் இருக்கிறது). பெயருக்கு மறுபடி மதிப்பு கொடுத்தால் மைபை (நிரலை ஓட்டாமலே சோதிக்கும் கருவி) பிடிக்கிறது. டிக்ஷனரிக்கு உள்ளே ஒரு மதிப்பை மாற்றினால் கண்டுகொள்வதில்லை. நிரல் ஓடும்போதோ ஃபைனல் எதையும் தடுக்காது.

காரியம் ஆனது, டைப்ஸ் மாட்யூலில் உள்ள மேப்பிங்ப்ராக்ஸிடைப் (டிக்ஷனரியைப் படிக்க மட்டும் விடும் உறை) யோசனையால்தான். டிக்ஷனரியை அதற்குள் போட்டதும், தள்ளுபடி கணக்கிடும் ஃபங்ஷனில் டைப்எரர் என்ற பிழை வந்து நின்றது. குற்றவாளி, நிரலின் வரி எண்ணோடு சிக்கியது!

எதிர்பாராதது ஒன்று: தரவை ஜேசன் உரையாக மாற்றும் ஜேசன் டம்ப்ஸ் இந்தப் பொருளை ஏற்பதில்லை. அனுப்பும் இடத்தில் மட்டும் டிக்ட் போட்டு நகலெடுத்துக் கொடுத்தேன், சரியானது. பொருளை பைட்டுகளாக மாற்றும் பிக்கிளும் ஏற்காது; பல பிராசஸ்களுக்கு இடையே தரவை அனுப்ப அதை நம்பும் மல்டிபிராசஸிங் பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும்.

அப்புறம், மேப்பிங்ப்ராக்ஸிடைப் மூல டிக்ஷனரியின் மேல் போட்ட, பார்க்க மட்டும் விடும் கண்ணாடி மூடி மட்டுமே. மூலத்துக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அதன் வழியாக மாற்றலாம். அதனால் டிக்ஷனரியை தனிப் பெயர் வைக்காமல் நேராக மேப்பிங்ப்ராக்ஸிடைப்பின் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதிவிட்டேன். உள்ளே லிஸ்ட் இருந்தால் அது அப்போதும் மாறக்கூடியதுதான், அதை மாற்ற முடியாத டியூப்பிள் ஆக்கிவிடுங்கள்.

ஃபைனலையும் எடுக்கவில்லை. பெயரையே வேறொன்றுக்கு மாற்றுவதை மேப்பிங்ப்ராக்ஸிடைப் தடுக்காது, அதற்கு மைபைதான்.