பூட்டிய வீட்டுக்குள் பிள்ளைகளை அழைத்துப் போனது தவறா?

பயணப்பை:
பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடிப் பக்கம் நான்கு நாள் போயிருந்தோம். நான், மனைவி, 13 வயது மகன், 9 வயது மகள், கூடவே என் மாமியார். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, காரணம் கீழே தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம், தங்கியிருந்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கண்ணில் பட்டது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு நீளம். முன்கதவில் துருப்பிடித்த பூட்டு. எதிரே டீக்கடைக்காரர், “முப்பது வருஷமா இப்படித்தான் சார் கிடக்குது. ராத்திரி சலங்கைச் சத்தம் கேட்கும், நாங்களே இந்தப் பக்கம் வர மாட்டோம்” என்றார். என் பையனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பின்பக்கம் ஒரு கதவு சரிந்து, ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நுழைந்தோம்.

இருபது நிமிடம்தான் இருந்தோம். எதையும் எடுக்கவில்லை. முற்றத்தில் ஆலங்கன்று ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எங்கும் வௌவால் நாற்றம். ஆனால் சுவரைத் தடவினால் இன்னும் கண்ணாடி மாதிரி வழவழப்பு! நானும் பையனும் மாடிக்கு ஏறினோம். அப்போது கீழே எங்கோ ‘ஜல்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. மகள் அலறியபடி வெளியே ஓடிவிட்டாள்.

மாமியார் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. மனைவி, “அடுத்தவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள்” என்கிறாள். என் கட்சி இது: ஆளில்லாத வீடு, யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பயணம் முழுக்க என் மகன் கைப்பேசியை மறந்திருந்த ஒரே இருபது நிமிடம் அதுதான். நீங்களே சொல்லுங்கள்.

செங்காட்டான்:
தவறே இல்லை. நாங்களெல்லாம் பாழடைந்த பங்களாவில் கண்ணாமூச்சி ஆடி வளர்ந்தவர்கள். இப்போது பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகிறோம்? மால், ரிசார்ட், நீச்சல் குளம். பேய் இருக்கிறதோ இல்லையோ, இருட்டு அறைக்குள் ஒரு காலை எடுத்து வைக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ புரளுமே, அதை டிக்கெட் வாங்கிப் பெற முடியாது.

இன்னொன்று. செட்டிநாட்டு ஊர்கள் 2014லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. இன்றுவரை அங்கேயேதான் நிற்கின்றன. அதற்குள் எத்தனை வீடுகள் இடிந்தன? தூண் தூணாகக் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கிறார்கள். இடிவதற்குள் நாலு பேர் பார்த்துப் படம் எடுத்து வைத்தால் அதுவே புண்ணியம். படங்களை இங்கே போடுங்கள் ஐயா.

மூன்றாம்கட்டு:
படம் போடாதீர்கள். தயவுசெய்து.

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். வேலை சிங்கப்பூரில். “ஆளில்லாத வீடு” என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் வீட்டைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு இப்போது 43 பங்குக்காரர்கள். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அவரவர் அறையில் அவரவர் வீட்டு ஆச்சிக்கு வந்த சீர் சாமான்கள் இருக்கின்றன. சில அறைகளின் சாவி மலேசியாவில், ஒன்று அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட எல்லோரும் ஒத்து வர வேண்டும், பணமும் போட வேண்டும். அதனால்தான் பூட்டிக் கிடக்கிறதே தவிர, யாரும் வேண்டாம் என்று விட்டுப் போகவில்லை. படைப்பு என்றால் அத்தனை பேரும் வந்து நிற்போம். மறைந்த முன்னோருக்குச் சேலை வேட்டி வைத்துச் சமைத்துப் படைப்பது அந்த வீட்டில்தான். வேறு இடத்தில் செய்ய முடியாது.

அந்த வீட்டில் போய்ப் பேய் இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். இருந்தால் அவர்கள் எங்கள் ஐயாவும் அப்பத்தாவும்தான். விருந்தாளி என்றால் முன்வாசல் வழியாக வருவார்கள்.

செங்காட்டான்:
ஆச்சி, கோபப்படாதீர்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் எங்கிருந்து வந்தன? பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து, 1930களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது விவசாயிகளின் நிலம் கைக்கு வந்ததே, அந்தக் காலத்துச் செல்வம்தானே? அந்தச் சுவரை ஒரு பையன் தொட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாம்கட்டு:
1942ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தபோது எங்கள் ஐயா எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். போன நிலம் போனதுதான். வட்டிக் கணக்கு பேச வேண்டுமென்றால் தனித் திரி தொடங்குங்கள், வருகிறேன். என் முன்னோர் வட்டி வாங்கினார்கள் என்பதால் என் வீட்டுப் பின்வாசல் பொதுவழி ஆகிவிடுமா?

சுண்ணாம்பு:
பேயும் வேண்டாம், பர்மாவும் வேண்டாம். நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன். பயணப்பை அவர்களே, அந்த மாடியில் எங்கே நின்றீர்கள்? சுவர் ஓரமாகவா, நடுவிலா?

அந்தக் காலத்து மாடித் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் குறுக்கே மரச்சட்டங்கள், அதற்கு மேல் சின்னச் செங்கல்லை நிமிர்த்தி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் அவ்வளவு லேசில் தொடாது. அதை நம்பித்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உத்தரத்தின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுத்துப் போகும், ஓடு உடைந்து வருஷக்கணக்காக மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்குவதால். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. முப்பது வருஷமாக யாரும் நடக்காத தளத்தில் நீங்களும் மகனும் நடந்திருக்கிறீர்கள். முற்றத்து ஆலங்கன்றைக் கவனித்த கண்ணுக்குச் சுவர் வெடிப்பு தெரியவில்லையா? ஆல வேர் ஒரு முறை சுவருக்குள் போனால் அதை எடுக்கச் சுவரையே பிரிக்க வேண்டும்.

பாழும் கிணறு, பாம்பு எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வௌவால் எச்சம் காய்ந்து தூசியாகக் கிடக்கும் அறைக்குள் முகத்தில் துணிகூடக் கட்டாமல் பிள்ளையைக் கூட்டிப் போவது அதைவிட மோசம். அதில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். உங்கள் மாமியார் கோபப்பட்டது சரி. காரணம்தான் வேறு.

பயணப்பை:
சுவர் ஓரமாகத்தான் நின்றேன். ஓரம் பத்திரம் என்று நினைத்து.

சரி, மாடி ஏறியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே போனதே தவறு என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கோர்ட்டுவாசல்:
ஒப்புக்கொள்ள வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவு. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம்.

செங்காட்டான்:
பிரிவை முழுதாகப் படியுங்கள் ஐயா. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நுழைந்தால்தான் அந்தப் பிரிவு. வேடிக்கை பார்க்க நுழைந்தவனுக்கு எங்கே அந்த எண்ணம்?

கோர்ட்டுவாசல்:
அந்த எண்ணம் இல்லை என்பதை யாரிடம் சொல்வீர்கள்? சிலை, தூண், கதவு திருட்டுப் போகும் ஊரில், பின்வாசல் வழியாக வெளியே வரும் வெளியூர்க்காரனைப் பிடித்தால் முதலில் வண்டி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். பிரிவின் நுணுக்கமெல்லாம் அப்புறம். பக்கத்தில் 9 வயதுக் குழந்தை நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

வேப்பமரத்தடி:
எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு வயது 68. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்தி நேரத்தில் விளக்கேற்றாத வீட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. ஜல் என்று சத்தம் கேட்டது என்று அவரே சொல்கிறார். குழந்தைக்குத் திருஷ்டி கழித்தீர்களா?

பயணப்பை:
மாமியார் அன்று இரவே கழித்துவிட்டார் ஐயா. மிளகாய், உப்பு, எல்லாம்.

தோப்புக்காரன்:
பழைய வீட்டுப் பேய்களில் பாதி கூகைதான். இடிந்த மச்சில் குடியிருக்கும். முகம் வெள்ளையாக, நெஞ்சு வடிவத்தில் இருக்கும். பறந்தால் சிறகுச் சத்தமே கேட்காது. கத்தினால் யாரோ பெண் கழுத்தை நெரிக்கும்போது கத்துவது போல இருக்கும். எங்கள் பக்கம் சாக்குருவி என்று சொல்லிக் கல்லால் அடிப்பார்கள். பாவம், வயலெலியைத் தின்று நமக்கு நெல்லை மிச்சப்படுத்துகிற பறவை.

ஆனால் கூகை ‘ஜல்’ என்று கத்தாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்காட்டான்:
1998ல் இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உடம்பு சிலிர்த்து, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு மின்விசிறி. காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அதிர்வு அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. விசிறியை நிறுத்தியதும் பேய் போய்விட்டது.

சுண்ணாம்பு:
முப்பது வருஷமாகக் கரண்ட் இல்லாத வீட்டில் எந்த விசிறி ஐயா ஓடியது?

இரட்டைமாட்டுவண்டி:
திகில்தான் வேண்டுமென்றால் முறையாகப் பார்க்க இடமா இல்லை? நாங்கள் போன வருடம் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் குல்தாரா போனோம். பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் காலி செய்துவிட்டுப் போன ஊர், திவான் ஒருவரின் கொடுமைதான் காரணம், போகும்போது சாபம் விட்டுப் போனார்கள் என்று கதை. தண்ணீர் வற்றியதுதான் காரணம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். கட்டணம் கட்டி, பகலில், குடும்பத்தோடு நடந்து பார்த்தோம். பிள்ளைகளுக்குக் கதையும் கிடைத்தது, காரணமும் கிடைத்தது. அதே ராஜஸ்தானில் பான்கர் கோட்டையில், சூரியன் மறைந்த பின் வரக்கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. பேய்க்குப் பயந்து அரசாங்கமே வைத்த பலகை என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். அந்தத் துறையின் சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே நேரம்தான், காலையில் திறந்து சூரியன் மறைந்தால் மூடுவார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் தனுஷ்கோடி இருக்கிறது.

வேப்பமரத்தடி:
தனுஷ்கோடியைப் பேய் பார்க்கிற இடம் என்று சொல்லாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு. ரயிலோடு நூறு பேருக்கு மேல் கடலில் போனார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத சின்ன வயது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்த மாதத்தில் ராமேஸ்வரம் போனதில்லை. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்துகொண்டு பேய் மாதிரி முகத்தை வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒருவன் அப்படி எடுத்ததை நான் நேரில் பார்த்தேன்.

இரட்டைமாட்டுவண்டி:
மன்னிக்கவும் ஐயா. அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

மூன்றாம்கட்டு:
நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். பேய்க்கதை பற்றி நானே ஒன்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்று ஊரில் கிளப்பிவிட்டது எங்கள் பெரியப்பச்சிதான். தொண்ணூறுகளில் பக்கத்து வீட்டில் நிலைக்கதவைப் பெயர்த்துப் போய்விட்டார்கள். காவலுக்கு ஆள் போடலாம் என்றால் பங்குக்காரர்களில் பாதிப் பேர் பணம் தரவில்லை. பார்த்தார், “ராத்திரி அப்பத்தா முற்றத்தில் நடக்கிறாள்” என்று டீக்கடையில் இரண்டு முறை சொன்னார். செலவில்லாத காவல். பத்து வருஷம் ஒருவரும் கிட்டே வரவில்லை.

அப்புறம் ஒரு படைப்புக்குப் போய்த் திறந்தால் மாடியில் மூன்று தூணைக் காணவில்லை. இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தேக்குத் தூணை எடுத்திருக்கிறார்கள். நிதானமாக, பல ராத்திரி வேலை. தெருவில் எல்லோருக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. அப்பத்தா நடக்கிறாள் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

அதனால்தான் படம் போடாதீர்கள் என்றேன். எந்த வீட்டில் எந்தத் தூண் இன்னும் நிற்கிறது, பின்கதவு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் உங்கள் படத்தில் இருக்கும்.

செங்காட்டான்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை ஆச்சி. படம் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. பூட்டி வைத்தும் தூண் போய்விட்டது. வருஷத்தில் நாலு நாள் திறந்து, காசு வாங்கிக்கொண்டு காட்டினால் ஓடு மாற்றும் செலவாவது வராதா?

மூன்றாம்கட்டு:
43 பேர் ஒத்துக்கொண்டால்.

பயணப்பை:
ஆச்சி, நான் போனது உங்கள் வீடாக இருக்காது என்று நம்புகிறேன். டீக்கடைக்காரர் எண் இருக்கிறது. அவர் மூலம் அந்த வீட்டுக்காரர் யார் என்று விசாரித்து, பின்கதவு சரிந்திருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். மனைவியிடம் இந்தத் திரியைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் கொடுத்தாள்.

சுண்ணாம்பு:
நல்ல காரியம். அந்தச் சலங்கையை நினைத்துக் குழம்ப வேண்டாம். கீழ்த்தளத்தில் ஊஞ்சல் இருந்திருக்கும். நீங்கள் மேலே நடக்கும்போது உத்தரம் அதிர்ந்திருக்கும், சங்கிலி ஆடியிருக்கும். பழைய ஊஞ்சல் சங்கிலியில் பித்தளை மணி இருக்கும். மகளிடம் சொல்லுங்கள், பயம் போய்விடும்.

பயணப்பை:
நானும் அப்படித்தான் நினைத்து இப்போது படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உத்தரத்தில் நான்கு கொக்கிகள் இருக்கின்றன. சங்கிலியும் இல்லை, ஊஞ்சலும் இல்லை.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. மகனிடம் சொன்னால் மறுபடியும் போகலாம் என்பான்.

வேப்பமரத்தடி:
மாமியாரிடம் இன்னொரு முறை மிளகாய் சுற்றிப் போடச் சொல்லுங்கள்.