உதவிக் கோப்பு இல்லாததால் முறிந்த செருகுநிரல்: அனுபவப் பகிர்வு

கணினிப் பராமரிப்பில் இருப்பவர் எழுதியது:

படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றில் வண்ணத் திருத்தத்துக்காக எங்கள் குழுவினர் பயன்படுத்தும் ஒரு செருகுநிரல் (மென்பொருளுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்), புதிய பதிப்பை நிறுவிய பிறகு, மென்பொருளைத் திறக்கும்போதே முறிந்து, அதையும் சேர்த்து மூடத் தொடங்கியது. மூடுவதற்கு முன் ஒரு சிறிய உரையாடல் பெட்டி தோன்றும்; அதில் "போதிய நினைவகம் இல்லை" என்ற ஒரே வரிதான் இருக்கும். ஆனால் அந்தக் கணினிகளின் நினைவகத்தில் பெரும்பகுதி காலியாகவே இருந்தது. ஆகவே மெய்நிகர் நினைவகத்தின் அளவைக் கூட்டுவது, வரைகலை இயக்கியைப் புதுப்பிப்பது, மற்றச் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்ப்பது என்று வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். எதனாலும் பயன் இல்லை.

விடை ப்ராசஸ் மானிட்டரில் கிடைத்தது. ஃபைல்மான், ரெக்மான் என்று தனித்தனியாக இருந்த இரண்டு கருவிகளின் இடத்தில் 2006-இல் வந்த இந்தக் கருவி, விண்டோசில் ஒரு நிரல் எந்தக் கோப்பைத் திறக்க முயன்றது, அந்த முயற்சிக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை வரிவரியாகக் காட்டும். முதன்முறை பார்ப்பவர்களை இது மிரட்டிவிடும். நன்றாக இயங்கும் நிரலிலும் "நேம் நாட் ஃபவுண்ட்" என்ற பதில் நூற்றுக்கணக்கில் வரும். ஒரு கோப்பைப் பல இடங்களில் தேடி, கடைசி இடத்தில் கண்டெடுப்பது நிரல்களுக்கு இயல்பு. அதனால் அந்த வரிகளை மேலிருந்து படித்துக்கொண்டு வருவதில் பொருளில்லை. முறிவு நேர்ந்ததும் விண்டோஸ் தானாகத் தொடங்கும் வெர்ஃபால்ட் என்ற பிழை அறிக்கை நிரல் எந்த வரியில் தலைகாட்டுகிறது என்று பார்த்து, அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்.

அப்படிப் படித்தபோது, முறிவுக்குச் சற்று முன்னால், செருகுநிரலின் உதவிக் கோப்புறையில் உள்ள ஓர் உரைக்கோப்பைத் திறக்க நடந்த முயற்சி தெரிந்தது. அதற்குக் கிடைத்த பதில் "பாத் நாட் ஃபவுண்ட்". இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்: "நேம் நாட் ஃபவுண்ட்" என்பது கோப்பு இல்லை என்று சொல்கிறது, இதுவோ அந்தக் கோப்பு இருக்க வேண்டிய கோப்புறையே இல்லை என்று சொல்கிறது. போய்ப் பார்த்தால் உண்மையிலேயே கோப்புறை இல்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் நிறுவுவதற்காகத் தயாரிக்கப்பட்ட அமைப்பில் "ஆவணங்கள்" என்ற கூறு, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, விலக்கப்பட்டிருந்தது. பட்டியலில் அது விருப்பத்தேர்வு என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதை விலக்கியவரைக் குறைசொல்ல வழியில்லை.

உறுதிப்படுத்திக்கொள்வதற்காக அந்தக் கோப்புறையை உருவாக்கி, உள்ளே அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்தோம். மென்பொருள் முறியாமல் திறந்துகொண்டது. ஆனால் கருவிப் பொத்தான்களின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் வர வேண்டிய குறுவிளக்கம் வெறும் மஞ்சள் பட்டையாக வந்தது. அதாவது, தொடங்கும்போதே பொத்தான்களின் குறுவிளக்கங்களை உதவிக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செருகுநிரலை எழுதியிருக்கிறார்கள். பிறகு "ஆவணங்கள்" கூற்றையும் சேர்த்து நிறுவியதும் எல்லாம் சரியாயிற்று. நல்ல நிலையில் உள்ள கணினியிலிருந்து கோப்புறையைப் படியெடுத்து ஒட்டினாலும் போதும், ஆனால் இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பயனர் கையேடு தேவையில்லை என்று நினைப்பது பயனரின் உரிமை. நிரல் இயங்குவதற்கு வேண்டிய ஒன்றை அந்தக் கையேட்டுக்குள் ஒளித்து வைத்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செருகுநிரல்கள் எழுதுபவர் எழுதியது:

மேலே நண்பர் குறிப்பிட்ட "போதிய நினைவகம் இல்லை" என்ற செய்தி எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் இதே முறிவை வேறு நிரல்களிலும் பார்த்திருக்கிறேன். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு கோப்பைத் திறக்கும் வழக்கமான முறையில், கோப்பு இல்லாவிட்டாலும் நிரல் நின்றுவிடாது; திறக்க முடியவில்லை என்ற குறிப்பை மட்டும் தனக்குள் வைத்துக்கொண்டு மேலே போகும். அந்தக் குறிப்பைச் சோதிக்காத நிரலாளர், அடுத்த வரியில் கோப்பின் நீளத்தைக் கேட்பார். திறக்கப்படாத கோப்புக்கு வரும் விடை -1. அந்த -1, குறியில்லாத (எதிர்மறை மதிப்பை ஏற்காத) 64 பிட் எண்ணாக மாற்றப்படும்போது 18,446,744,073,709,551,615 ஆகிவிடும். அத்தனை பைட் இடம் வேண்டும் என்று இயங்குதளத்திடம் கேட்டால், எந்தக் கணினியும் நினைவகம் போதாது என்றுதான் சொல்லும். வெற்றுக் கோப்பை வைத்ததும் முறிவு நின்றதற்குக் காரணமும் இதுவாகவே இருக்கும், ஏனெனில் அப்போது நீளம் 0. பூச்சியம் பைட்டை யாரும் மறுப்பதில்லை.

கோப்புகள் எப்படிக் காணாமற்போகின்றன என்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. பைத்தானில் எழுதப்பட்ட ஒரு செருகுநிரலின் பராமரிப்பில் உதவிக்கொண்டிருந்தேன். அது எழுதியவர்கள் எல்லாருடைய கணினியிலும் நன்றாக இயங்கியது; சிப் கோப்பாகப் பதிவிறக்கியவர்களுக்கு மட்டும் ஏற்றப்படும்போதே கோப்பு இல்லை என்ற பிழையுடன் நின்றது. மூலநிரலை வைத்திருந்த களஞ்சியத்தில் உதவிக் கோப்புறை இருந்தது, அதில் கோப்புகளும் முழுமையாக இருந்தன. ஆனால் நிரல்களின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட் என்ற கருவியின் பண்புக்கோப்பில் அந்தக் கோப்புறைக்கு எதிரே "எக்ஸ்போர்ட்-இக்னோர்" என்று எழுதப்பட்டிருந்தது. இப்படிக் குறித்தால், களஞ்சியத்தைப் படியெடுப்பவர்களுக்குக் கோப்புறை வரும். கிட் தயாரிக்கும் சிப் பொதியில் வராது. ஆகவே எழுதியவரின் கணினியில் இந்தப் பிழை ஒருநாளும் வெளிப்படாது. பயனர்களுக்குப் போகும் அதே பொதியை எதுவும் நிறுவப்படாத ஒரு கணினியில் நிறுவிப் பார்த்தால்தான் தெரியும்.

மொழி சார்ந்த சிக்கலும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். இடைமுக மொழியைத் தமிழுக்கு மாற்றினால், சில செருகுநிரல்கள் தமிழ் உதவிக் கோப்பைத் தேடி, அது இல்லாதபோது தடுமாறிவிடும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தன் செருகுநிரல்களுக்காகக் கொடுத்திருக்கும் உதவிச் செயல்கூறு இந்த இடத்தில் நல்ல முன்மாதிரி. பயனரின் மொழிக்கான பக்கத்தைத் தேடும்; இல்லையென்றால் ஆங்கிலப் பக்கத்தையும், மொழிக்குறி இல்லாத பொதுப் பக்கத்தையும் தேடும். மென்பொருளே தரும் இந்த வசதி இருக்கும்போது, ஏன் பலர் தாங்களே பாதி எழுதி விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நீங்கள் பயனராக இருந்தால், இடைமுக மொழியைத் தற்காலிகமாக ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். முறிவு நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிடும்.

சேவையகங்களைக் கவனிப்பவர் எழுதியது:

லினக்ஸ் கொள்கலன்களுடன் (ஒரு நிரலை அதற்கு வேண்டியவற்றோடு தனித்து இயக்கும் சூழல்களுடன்) பழகியவர்களுக்கு இதன் உறவுக்காரப் பிழை ஒன்று நன்றாகவே தெரிந்திருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் மெலிந்த கொள்கலன் படிமங்களில் கையேட்டுப் பக்கங்களும் அவற்றுக்கான கோப்புறைகளும் வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கும். அதில் ஜாவா இயங்குசூழலை நிறுவ முயன்றால், கட்டளைகளுக்கு மாற்றுப்பெயர் உருவாக்கும் படியில், கையேட்டுப் பக்கத்துக்கும் ஓர் இணைப்பை உருவாக்கப் போய், அதை வைக்க வேண்டிய "மேன்1" என்ற கோப்புறை இல்லாததால் நிறுவலே பிழையுடன் நின்றுபோவது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. கொள்கலனுக்குள் யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அதற்கு இடமில்லை என்பதற்காக ஜாவா வர மறுத்தது. வெறும் கோப்புறையை முன்கூட்டியே உருவாக்கிவிட்டால் போதும், நிறுவல் முடிந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டெபியனின் கொள்கை நூலே இதற்கு நெருக்கமான ஒரு விதியைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ஆவணங்களுக்கான கோப்புறையில் ஒரு கோப்பு இருந்தால்தான் இயங்குவேன் என்று எந்தப் பொதியும் நிபந்தனை விதிக்கக் கூடாது. நிரலும் படிக்கும், மனிதரும் படிப்பார் என்றால் அந்தக் கோப்பை வேறிடத்தில் வைத்து, ஆவணக் கோப்புறையிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்த விதி. முதல் பகிர்வில் வந்த செருகுநிரலை எழுதியவர்கள் இந்த ஒன்றைப் பின்பற்றியிருந்தாலே, குறுவிளக்கங்கள் நிரலோடு இருந்திருக்கும். லினக்ஸில் தேடுபவர்களுக்கு ப்ராசஸ் மானிட்டரின் இடத்தில் எஸ்ட்ரேஸ் உண்டு. கோப்பு திறக்கும் அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் வெளியீடு கைக்கு அடக்கமாக இருக்கும். விண்டோசில் எழுதப்பட்ட செருகுநிரலாக இருந்தால், கோப்புறைப் பெயரின் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பதையும் பாருங்கள். விண்டோசில் இரண்டும் ஒன்றுதான், லினக்ஸில் அவை வெவ்வேறு கோப்புறைகள்.

அலுவலகப் பயனர் ஒருவர் எழுதியது:

கோப்பு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும் ஒரு நிலையைச் சேர்க்க விரும்புகிறேன். இணையத்திலிருந்து இறக்கிய சிஎச்எம் என்ற வகை விண்டோஸ் உதவிக் கோப்பைத் திறந்தால், இடப்பக்கம் தலைப்புகள் ஒழுங்காக வரும். வலப்பக்கம் மட்டும் எதைச் சொடுக்கினாலும் வெறுமையாக இருக்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் இறக்குவார்கள். இணையத்திலிருந்து வந்தது என்ற குறி கோப்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் விண்டோஸ் அதைத் தடுக்கிறது. கோப்பின் பண்புகள் சாளரத்தில் "அன்பிளாக்" என்ற கட்டத்தைத் தேர்ந்தால் பக்கங்கள் தெரியும். பிணையப் பகிர்வில் வைத்த சிஎச்எம் கோப்புகளுக்கும் இதே தடை உண்டு, ஆகவே அவற்றைக் கணினியின் சொந்த வட்டுக்குப் படியெடுத்துத் திறக்க வேண்டும். பழைய எச்எல்பி வகைக் கோப்புகளின் கதை வேறு. விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்தே அவற்றைத் திறக்கும் நிரல் விண்டோசுடன் வருவதில்லை.

புள்ளியியல் பணியில் இருப்பவர் எழுதியது:

புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியில் ஒரு பொதியை (கூடுதல் நிரல்தொகுப்பை) ஓர் அமர்வில் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, வேறோர் அமர்வில் அதைப் புதுப்பித்துவிட்டால், முதல் அமர்வில் உதவிப் பக்கத்தைக் கேட்டதும் உதவித் தரவுக்கோப்பு சிதைந்துவிட்டது என்ற பிழை வரும். கோப்பில் எந்தச் சிதைவும் இருக்காது. பழைய கோப்பில் எந்தப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை அமர்வு தன்னிடம் வைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு புதிய கோப்பைத் திறப்பதால் வரும் குழப்பம் அது. பொதியை நீக்கி மறுபடி நிறுவத் தேவையில்லை, ஆரை மூடித் திறந்தால் போதும்.