அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?

நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் போஸ்ட். கொஞ்சம் நீளமாயிடும், பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. சேர்ந்த முதல் வாரம் டீம்ல எல்லாரும் ஒண்ணா சாப்பிட உக்காந்திருந்தப்ப பேச்சுவாக்குல ஒருத்தர் அவங்கவங்க அப்பா என்ன பண்றாங்கன்னு கேட்டார். எனக்கு முன்னாடி சொன்னவங்க எல்லாம் டாக்டர், பேங்க் மேனேஜர், ரிட்டயர்டு ப்ரொஃபசர்னு வரிசையா சொல்லிட்டே வந்தாங்க, என் முறை வந்தப்ப என்னை அறியாம வாய்ல "பிசினஸ், கார்மென்ட்ஸ் லைன்"னு வந்துடுச்சு. எங்கப்பா டெய்லர். சொந்தக் கடை கூட கிடையாது, இன்னொருத்தர் கடைல கட்டிங் மாஸ்டர். அதனால சொன்னது முழுப் பொய் இல்லன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா அடுத்த கேள்வி "எக்ஸ்போர்ட்டா?"ன்னு வந்துச்சே, அதுக்கு "சின்ன லெவல்ல"ன்னு தலையாட்டினேன் பாருங்க, அதுக்கு சமாதானமே இல்ல.

அன்னிலேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாத்தறதே தனி வேலையா போச்சு. யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கணும். சின்ன வயசுல கத்துக்கிட்ட பியானோ, லீவுக்குப் போன நாடுன்னு அவங்க பேசறப்ப எல்லாரும் சிரிச்சு அரை செகண்ட் கழிச்சு நான் சிரிப்பேன். யாரும் என்னை மட்டமா நடத்தல, அதையும் சொல்லணும். ஆனாலும் ஒரு இடத்துல உக்காந்திருக்கேன், அது எனக்குப் போட்ட சேர் இல்லங்கற மாதிரியே இருக்கு.

இப்ப பிரச்சனை என்னன்னா வர்ற வெள்ளிக்கிழமை ஆஃபீஸ்ல ஃபேமிலி டே. தெரியாத்தனமா வீட்டுல சொல்லிட்டேன். அப்பா தனக்குன்னு ஒரு சட்டை தைச்சு நான் பாத்ததே இல்ல, இப்ப வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து தைக்கிறார். சட்டை பிரமாதமாத்தான் இருக்கும். ஆனா கை? முப்பது வருஷம் கத்திரி பிடிச்சு கட்டைவிரல் அடில காய்ச்சு மேடு தட்டிப் போயிருக்கு, கை குடுத்தா தெரிஞ்சிடும். இதை டைப் பண்றப்பவே என் மேல எனக்கே வெறுப்பா இருக்கு.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, முன்னாடியே உண்மையைச் சொல்லிடவா? ரெண்டு, எவ்வளவு படிச்சாலும் எங்க பொறந்தோம்ங்கறதுதான் நம்மளை எங்க உக்கார வைக்கணும்னு முடிவு பண்ணுமா?


நேர்வழி:

இதெல்லாம் உங்க மனசுல இருக்கற பிரச்சனைங்க. வேலையை ஒழுங்கா பாருங்க, திறமை இருந்தா எவன் அப்பன் யாருன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். நானும் ஒண்ணுமில்லாத வீட்டுலேர்ந்து வந்தவன்தான், இன்னிக்கு எனக்குக் கீழ நாப்பது பேர் வேலை பாக்கறாங்க. தாழ்வு மனப்பான்மையை விடுங்க.


பழைய வாத்தியார்:

நேர்வழி சார், "ஒருத்தனும் கேக்கமாட்டான்"னு சொல்றீங்க, அந்தப் பொண்ணு போஸ்ட்டே ஒருத்தர் கேட்டதுலதானே ஆரம்பிக்குது :)

அம்மா நூல்கண்டு, நான் ரொம்ப வருஷம் சமூகவியல் சொல்லிக் குடுத்தவன், அதனால கொஞ்சம் வகுப்பு எடுத்துடுவேன், கோச்சுக்காதீங்க. எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1963லயே இதைப் பத்தி எழுதி வச்சிருக்கார். சமூகம் குறையா பாக்கற ஒரு அடையாளம் ஒருத்தர்கிட்ட இருந்தா, அது பாத்த உடனே தெரியற ரகமா, தெரியாத ரகமான்னு பிரிக்கறார். தெரியற ரகம்னா எதிர்ல இருக்கறவங்களோட சங்கடத்தைச் சமாளிக்கறது அவங்க வேலை. தெரியாத ரகம்னா தகவலைச் சமாளிக்கறது வேலை, அதாவது யார்கிட்ட சொல்றது, யார்கிட்ட மறைக்கறது, எப்ப, எந்த அளவுக்கு. நீங்க "யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கணும்"னு எழுதின வரி அப்படியே அதுதான். அதனால இதை உங்க குணக்கேடுன்னு நினைக்காதீங்க, அந்த மேஜைல உங்க தலைல விழுந்த கூடுதல் வேலை அது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வேலை கிடையாது, அதே சம்பளம்.

அந்த அரை செகண்ட் சிரிப்புக்கும் ஆள் இருக்கார். பியர் பூர்தியூன்னு இன்னொரு சமூகவியல் அறிஞர், பிரான்ஸ்ல ஒரு கிராமத்துல 1930ல பொறந்தவர், அப்பா தபால்காரர். எந்தப் பேச்சுக்குச் சிரிக்கணும், எதை ரசிக்கணும், எப்படி உக்காரணும்ங்கறது எல்லாமே சில வீடுகள்ல குழந்தைக்குச் சொல்லிக் குடுக்காமயே ஊறிடும், அதுவும் பணம் மாதிரியே ஒரு சொத்து, ஆனா பாக்கறவங்களுக்கு அது சொத்தாத் தெரியாது, "இயல்பான திறமை"யாத் தெரியும்னு சொன்னவர். நேர்வழி சார் சொல்ற திறமைல எத்தனை பங்கு அந்த ஊறல்னு யோசிக்க வேண்டியிருக்கு. 1981ல பிரான்ஸோட பெரிய கல்வி பீடத்துல பேராசிரியரான அப்புறமும் தனக்குள்ள ரெண்டா பிளந்த ஆள் இருக்கறதா அந்த மனுஷனே எழுதியிருக்கார். அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு, போகப்போக சரியாயிடும்னு நான் சொல்லமாட்டேன். பழகிடும், அவ்வளவுதான்.


இன்டர்வியூ மேஜை:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்ற ஆள், பதினஞ்சு வருஷமா ஆள் எடுக்கற வேலை. ஒரு உண்மையைச் சொல்றேன். எங்க இன்டர்வியூ ஃபார்ம்ல "செட் ஆவாரா"ன்னு ஒரு கட்டம் உண்டு. அதுல என்ன பாக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்ல. நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பையன் வந்தான், டெஸ்ட்ல எல்லாரையும் விட அதிக மார்க், பேச்சு கொஞ்சம் கரடுமுரடு, சேரோட நுனியிலயே உக்காந்திருந்தான், குடுத்த தண்ணியைத் தொடவே இல்ல. நான் அந்தக் கட்டத்துக்குள்ள "சுமார்"னு போட்டேன். ஏன்னு கேட்டிருந்தா அன்னிக்கு என்னால காரணம் சொல்லியிருக்க முடியாது. அவனுக்கு அடுத்து வந்தவன் நான் விளையாடற அதே விளையாட்டு விளையாடறவன், பத்து நிமிஷம் அதைப் பத்தியே பேசிட்டிருந்தோம், அவனை எடுத்தோம். மோசமான ஆள் இல்ல, சுமாரான ஆள்.

அப்புறம்தான் லாரன் ரிவேராங்கறவங்க 2012ல வெளியிட்ட ஆராய்ச்சியைப் படிச்சேன். அமெரிக்காவுல பெரிய சட்ட, பேங்கிங், கன்சல்டிங் கம்பெனிகள்ல ஆள் எடுக்கறவங்க 120 பேர்கிட்ட பேசியிருக்காங்க. நிறைய பேர் தன்னை மாதிரியே பொழுதுபோக்கு, தன்னை மாதிரியே அனுபவம் இருக்கறவங்களைத்தான் தேடறாங்க, சில நேரம் வேலைத் திறமையை விட அதுதான் பெருசா எடை போடுதுன்னு வந்திருக்கு. படிச்சப்ப என் டைரியை யாரோ எடுத்துப் படிச்ச மாதிரி இருந்துச்சு.

அவங்களே 2016ல இன்னொருத்தரோட சேர்ந்து பண்ணது இன்னும் மோசம். சட்ட மாணவர்கள் பேர்ல போலி பயோடேட்டா அனுப்பியிருக்காங்க, மார்க்கு எல்லாம் ஒண்ணு, வித்தியாசம் என்னன்னா ஒருத்தருக்குப் பொழுதுபோக்கு பாய்மரப் படகு, போலோ, இன்னொருத்தருக்கு ஓட்டப்பந்தயம், அமெரிக்க கன்ட்ரி மியூசிக், இந்த மாதிரி. வசதியான வீட்டு அடையாளம் இருந்த ஆண்களுக்கு நூத்துக்கு 16 பேருக்கு இன்டர்வியூ கூப்பிட்டிருக்காங்க. வசதியில்லாத வீட்டு ஆண்களுக்கு நூத்துக்கு ஒண்ணுங்கற அளவுதான். இதுல கூத்து என்னன்னா வசதியான வீட்டுப் பெண்களுக்கும் அந்த லாபம் கிடைக்கல, குடும்பத்தைப் பாக்கப் போயிடுவாங்க, வேலைல நிலைக்கமாட்டாங்கன்னு ஒரு நினைப்பு. ஆக வீடு மட்டும் இல்ல, வீடும் பாலினமும் சேர்ந்து வேற ஒரு கணக்கு போடுது.

இப்ப அந்தக் கட்டத்தையே ஃபார்ம்லேர்ந்து எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டுட்டிருக்கேன். இன்னும் எடுக்கல.


நேர்வழி:

நான் பாகுபாடே இல்லன்னு சொல்லலீங்க. இருக்கும். ஆனா அதையே நினைச்சிட்டிருந்தா முன்னேற முடியுமா? ரெண்டு மடங்கு உழைச்சுக் காட்டணும், நான் அப்படித்தான் வந்தேன்.


ஊன்றுகோல்:

சகோ நேர்வழி, "ரெண்டு மடங்கு"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மத்தவன் ஒரு மடங்கு உழைச்சா போதும், நான் ரெண்டு மடங்குன்னா அதுக்குப் பேர் என்ன?

அந்த ரெண்டு மடங்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் குடுக்கறதில்ல, அதுதான் இன்னும் கடுப்பு. மரியன் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் (பேரைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவர் பேரைப் பாருங்க!) 2004ல வெளியிட்ட ஆய்வு இது. பாஸ்டன், சிகாகோ ரெண்டு ஊர்லயும் விளம்பரம் பாத்து கிட்டத்தட்ட 5,000 பயோடேட்டா அனுப்பினாங்க. எமிலி, கிரெக் மாதிரி வெள்ளைக்காரப் பேருக்குப் பத்து அனுப்பினா ஒரு அழைப்பு வந்திருக்கு, லக்கீஷா, ஜமால் மாதிரி கறுப்பினப் பேருக்குப் பதினஞ்சு அனுப்பணும். இது பல பேருக்குத் தெரியும். தெரியாதது, பயோடேட்டாவைத் தரமாக்கி அனுப்பினப்ப வெள்ளைக்காரப் பேருக்கு அழைப்பு நல்லாவே கூடுச்சு, கறுப்பினப் பேருக்கு அந்த அளவு கூடல. நீங்க படிச்சுப் படிச்சு சேத்து வைக்கறீங்க, கடைசில அதைப் பிரிச்சுக்கூடப் பாக்கலன்னா?

நம்ம நாட்டுலயே உத்தரப் பிரதேசத்துல ஆறாவது ஏழாவது படிக்கற பசங்களுக்குக் காகிதத்துல வழி கண்டுபிடிக்கற புதிர் குடுத்துப் பாத்தாங்க, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பேர், 2006ல வந்த கட்டுரை. சாதி சொல்லாத குழுவுல மேல்சாதிப் பசங்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பசங்களும் ஒரே மாதிரி போட்டாங்க. எல்லார் முன்னாடியும் பேரோட சாதியைச் சொல்லிக் கூப்பிட்ட இன்னொரு குழுவுல ஒடுக்கப்பட்ட சாதிப் பசங்க போட்ட எண்ணிக்கை இறங்கிடுச்சு. அதே மாதிரிப் பசங்க, அதே புதிர். இதைத்தான் "மனசுல இருக்கற பிரச்சனை"ன்னு சொல்றீங்களோ? மனசுக்குள்ள கொண்டு வந்து வச்சது யாரு?

நூல்கண்டு, உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும், கோவப்படாதீங்க. மறைக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறதுக்கு உங்களுக்கு ஒரு இடம் இருக்கு. நான் ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி என் ஊன்றுகோல் சத்தம் வந்துடும். வாத்தியார் சொன்ன முதல் ரகம் நான். எனக்கு ஞாபகம் வச்சுக்க எதுவுமில்ல, அது ஒரு விதத்துல நிம்மதிதான், ஆனா நான் என்ன பேசினாலும் "பாவம்"ங்கற கண்ணோடதான் கேப்பாங்க. ப்ராஜெக்ட் லேட் ஆச்சுன்னு என்னைத் திட்டக்கூட மாட்டாங்க சார். ஒரு தடவையாவது திட்டியிருந்தா மத்தவன் மாதிரிதான் பாக்கறாங்கன்னு இருந்திருக்கும்.

சொல்லணுமான்னா, எல்லாரையும் கூட்டி வச்சு பாவமன்னிப்பு கேக்கற மாதிரி சொல்லத் தேவையில்ல. யாரும் உங்க சர்ட்டிஃபிகேட்டைக் கேக்கல. அப்பா வரட்டும், "எங்கப்பா, டெய்லர்"னு ரெண்டே வார்த்தைல அறிமுகம் பண்ணுங்க. எக்ஸ்போர்ட் என்னாச்சுன்னு எவனாவது கேட்டான்னா அது அவன் லட்சணம்.


நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அந்தக் "கூடுதல் வேலை"யை ரெண்டு மூணு தடவை படிச்சேன். ஊன்றுகோல் அண்ணா, கோவம் இல்ல, கொஞ்சம் சுட்டுச்சு, அவ்வளவுதான். எனக்கு ஒரு தேர்வு இருக்குங்கறதை நான் யோசிச்சதே இல்ல.

நேத்து ராத்திரி நடந்ததைச் சொல்றேன். அப்பா சட்டைக்குக் கடைசி பட்டன் தைச்சிட்டிருந்தார். நான் பக்கத்துல உக்காந்து ஃபோனை நோண்டிட்டிருந்தேன், உண்மைல இந்தத் த்ரெட்டைத்தான் படிச்சிட்டிருந்தேன். நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, நிமிர்ந்து கூடப் பாக்காம சாதாரணமா கேட்டார், "அங்க என்னை என்னன்னு சொல்லி வச்சிருக்க? சொல்லிடு, அதுக்கு ஏத்த மாதிரி பேசிக்கறேன்."

ரெண்டு வருஷமா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படின்னு தெரியல.

நான் உடனே பதில் சொல்லல. அவரும் மறுபடி கேக்கல, சட்டையை உதறிக் குடுத்து அயர்ன் பண்ணச் சொன்னார். பண்ணி முடிச்சு ஹேங்கர்ல மாட்டறப்பதான் "டெய்லர்னே சொல்லுங்கப்பா"ன்னேன். "கட்டிங் மாஸ்டர்"னு திருத்தினார்.

வெள்ளிக்கிழமை போயிட்டு வந்து எழுதறேன்.


ஊன்றுகோல்:

கட்டிங் மாஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.


நேர்வழி:

நானும் சொன்னேன்னு சொல்லுங்க. எங்கப்பா லாரில மூட்டை ஏத்தினவர், எங்க ஆஃபீஸ்ல யாருக்கும் தெரியாது.