பாலிப்ரொப்பிலீன் சவ்வில் புற ஊதா ஒட்டு: துளைகள் அடைபடுகின்றன, வழி சொல்லுங்கள்

சாயக்கழிவுநீர் வடிகட்ட, 0.2 மைக்ரான் துளையுள்ள பாலிப்ரொப்பிலீன் தட்டைச் சவ்வில் அக்ரிலிக் அமிலத்தை வேதிப்பிணைப்பால் ஒட்டவைக்க (grafting) முயல்கிறோம். கோவையில் சின்ன ஆய்வகம். இரண்டு மாதமாக இதே இடத்தில் நிற்கிறோம்.

மெத்தனால்-நீர் கலவையில் பென்சோபீனோனும் (ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்) 10% அக்ரிலிக் அமிலமும் கலந்து, சவ்வை அதில் ஊறவைத்து, 365 நானோமீட்டர் விளக்கில் 10 நிமிடம் காட்டுகிறோம். விளக்கைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி உடனே பரவுகிறது, மறுபக்கத்தில் உருண்டு நிற்கிறது. அது பரவாயில்லை. நீரோட்டம்தான் பாதிக்கும் கீழே போய்விட்டது. கழுவும்போது வழவழவென்று கூழ் கையில் வருகிறது. சவ்வில் ஒட்டாமல் கரைசலில் தனியாக வளர்ந்த பாலிஅக்ரிலிக் அமிலம் துளைக்குள் தங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றினோம்: ஒட்டு கூடியது, கூழும் கூடியது. அமிலத்தை 5% ஆக்கினால் ஒட்டு திட்டுத்திட்டாக வருகிறது. மோர் உப்பு (Mohr's salt, அதாவது இரும்பு அம்மோனியம் சல்ஃபேட்) சேர்த்தபோது கூழ் குறைந்தது, ஒட்டும் கூடவே குறைந்தது. இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்தும் ஓட்டம் திரும்பவில்லை.

அடுத்து இரண்டு கட்டமாகச் செய்ய யோசனை: முதலில் பென்சோபீனோனை மட்டும் ஒளியில் சவ்வோடு பிணைத்து, மிச்சத்தைக் கழுவிவிட்டு, அப்புறம் அமிலக் கரைசலில் மறுபடி ஒளி காட்டுவது. பாலிப்ரொப்பிலீனில் இதைச் செய்தவர்கள், முதல் கட்டத்துக்கு என்ன கரைப்பான், எவ்வளவு நேர ஒளி வைத்தீர்கள்?